ஆன்டிபாடி நம்பர் இறங்கினா எல்லாம் போச்சுன்னு அர்த்தமில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரோனா வந்து போனப்புறம் "சில மாசத்துல எதிர்ப்பு சக்தி குறைஞ்சிடும்"னு போன வாரம் சுகாதாரப் பக்கத்துல போட்டிருந்தீங்க, அந்த வரியோட நிறுத்தினது சரியில்லங்க. அதப் படிச்சிட்டு எங்க புளோக் பெரியவங்க காசு கட்டி ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்க உடம்பு செய்யிற புரதம்) டெஸ்ட் எடுக்கக் கிளம்பிட்டாங்க, எங்க மாமி பழைய ரிப்போர்ட்டையும் புதுசையும் பக்கத்துல வச்சு, ரெண்டு நம்பரையும் சிவப்புப் பேனால வட்டம் போட்டு, பாதிகூட இல்லையேன்னு ஒரே புலம்பல்.

இறங்குறது உடம்போட வழக்கம்தான். தொற்று வந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல ஆன்டிபாடி தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் உச்சத்துக்குப் போகும், அவசரத்துக்கு அத தயாரிச்ச செல்கள்ல முக்காவாசி செத்துடும், ஐஜிஜிங்கிற முக்கிய வகை ஆன்டிபாடி ரத்தத்துல பாதியாகவே சுமார் 3 வாரம்தான் ஆகும், பின்ன நம்பர் இறங்காம என்ன செய்யும்? தீபாவளி முடிஞ்சா நம்ம சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்ல கூட்டம் கலையுது, கடையவா மூடிட்டாங்க? கொஞ்சம் செல்கள் எலும்பு மஜ்ஜையில தங்கி ஆன்டிபாடிய விடாம சுரந்துக்கிட்டே இருக்கு, மெமரி பி செல்கள், அதாவது கிருமிய ஞாபகம் வச்சு ஆன்டிபாடி செய்யிற செல்கள், ஆறு மாசம் கழிச்சும் இருக்கு, அதுவும் சும்மா இல்ல, வைரஸ இன்னும் கெட்டியா பிடிக்கிற ஆன்டிபாடிய செய்யப் பழகிக்கிட்டே வருது. வைரஸ் தொத்தின செல்லத் தாக்குற டி செல்கள் வேற தனியா இருக்கு. மாமி கையில உள்ள ரிப்போர்ட்ல இதெல்லாம் எங்க தெரியும்?

இத கண்டுபிடிச்சதுல நம்ம ஊருக்கும் பங்கு இருக்கு, அத ஏன் விட்டீங்க? டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரிக்காரங்க 164 பேர தொடர்ந்து பார்த்து 2021ல வெளியிட்ட ஆய்வுல சிலருக்கு ஆன்டிபாடி சீக்கிரம் இறங்குச்சு, சிலருக்கு அப்படியே நின்னுச்சு, ஒரு சிலருக்கு வைரஸ தடுக்கிற ஆன்டிபாடி சரியா வரவே இல்ல, ஆனா அவங்களுக்கும் டி செல் இருந்துச்சு. 2003ல, கொரோனா குடும்பத்து நோயான சார்ஸ் வந்தவங்களுக்கு 17 வருஷம் கழிச்சும் டி செல் இருக்குன்னு 2020ல காட்டினதும் இங்கதான்.

அதுக்காக மறுபடி தொத்தாதுன்னு சொல்ல வரல. நம்பர் இறங்கினா, வைரஸும் உருமாறினா திரும்ப வரும், பெரும்பாலானவங்களுக்கு ரொம்ப மோசமாகாம காப்பாத்துறது அந்த மெமரிதான், வயசானா அதுவும் தளரும், அதனாலதான் 60 தாண்டினவங்கள ஊசி போட்டுக்கச் சொல்றாங்க. தயவுசெஞ்சு ஒரு டாக்டரவிட்டு இத முழுசா, பெரியவங்க படிக்கிற மாதிரி பெரிய எழுத்துல போடுங்க.

வாசகி, ஈசூன்