யாசூரின் சாம்பல் போகும் திசையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் பசிபிக் கடலில் இருக்கும் வனுவாட்டு நாட்டின் டான்னா தீவில் உள்ள யாசூர் எரிமலை பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். இரவில் தெறிக்கும் நெருப்புக் குழம்பின் படங்கள் அருமை. ஆனால் தீவுக்காரர்கள் அன்றாடம் மல்லுக்கட்டுவது சாம்பலோடு. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அங்கே ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து காற்று வீசும். யாசூர் இருப்பதும் தீவின் தென்கிழக்கில். ஆகவே சாம்பல் கடலுக்குப் போகாமல் ஊர்கள் மேலேயே இறங்குகிறது. பல வீடுகளுக்குக் குடிநீர் என்பது தகரக் கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்கும் மழைநீர்தான். புதுச் சாம்பலில் அமிலமும் ஃப்ளோரைடும் ஒட்டியிருக்கும். முதல் மழையிலேயே அவை கரைந்து தொட்டிக்குள் போய்விடும். ஃப்ளோரைடு என்றதும் தர்மபுரிப் பக்கத்து வாசகர்களுக்கு விளங்கும்: பற்களில் பழுப்புக் கறை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும்.

எனவே சாம்பல் விழத் தொடங்கியதுமே கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயைக் கழற்றிவிட வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, தூசி பறக்காத அளவுக்கு லேசாகத் தண்ணீர் தெளித்துக் கூரையைப் பெருக்க வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் சாம்பல் குழாய்க்குள் போய் இறுகி அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையில் கூரை நன்றாகக் கழுவப்பட்ட பிறகே குழாயை மாட்டலாம். தள்ளிப்போட்டால் எடை ஏறும்: 40 சதுர மீட்டர் கூரையில் 1 சென்டிமீட்டர் சாம்பல் என்பது 400 லிட்டர். காய்ந்திருந்தாலே 200 கிலோவுக்குக் குறையாது, நனைந்தால் 800 கிலோகூட ஆகலாம். தகரமும் அமிலம் பட்டுச் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

தோட்டத்தில் கதை வேறு. சேனை, சேம்பு வகைக் கிழங்குகள் மெல்லிய சாம்பலைத் தாங்கும். வெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த 'ஐலண்ட் கேபேஜ்' கீரைதான் அமில மழையில் ஓட்டை ஓட்டையாகக் கருகும். அதே சாம்பல்தான் காலப்போக்கில் சிதைந்து வளமான மண்ணாகிறது. அரைத்துப் பானமாகக் குடிக்கும் டான்னாவின் காவா வேருக்கு உள்ள பெயர் அந்த மண்ணில் விளைந்தது.

தீவில் தோன்றிய ஜான் ஃப்ரம் என்ற சமய இயக்கத்தை விமானச் சரக்குக்குக் காத்திருக்கும் கூட்டம் என்று கட்டுரை கேலி செய்ததும் சரியில்லை. காவா குடிப்பதையும் மரபு நடனத்தையும் கிறிஸ்தவ மதபோதகர்கள் தடுத்தபோது, முன்னோர் வழக்கத்தை மீட்க எழுந்தது அது. மலையடிவாரத்துச் சல்ஃபர் பே பக்கத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரி 15 அன்று அணிவகுப்பு நடக்கிறது. 1774-இல் கேப்டன் குக்கை மலையேற விடாமல் தடுத்தவர்களின் வழிவந்தவர்களுக்கு, 361 மீட்டரே உள்ள அந்த மலை இன்றும் புனிதமானது.

போகிறவர்களுக்கு ஒன்று. வனுவாட்டு வானிலை, புவிஆபத்துத் துறை 0 முதல் 5 வரை எச்சரிக்கை நிலை அறிவிக்கிறது. யாசூர் 2016 முதல் பல ஆண்டுகளாக 2-இல் இருந்தது. அதே நிலையிலும் திடீர்ப் பெருவெடிப்பு வரலாம். கல் பறந்து வந்தால் முதுகைக் காட்டி ஓடக் கூடாது. கண்ணை எடுக்காமல் பார்த்து, அது விழும் இடத்திலிருந்து விலக வேண்டும். அடுத்த கட்டுரையில், படத்துக்குக் கீழே அன்றைய எச்சரிக்கை நிலையையும் காற்றின் திசையையும் இரண்டு வரியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்