மேலே பறந்தவர்களையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி மீட்கப்பட்டால், அவரைத் தூக்கிவந்த ஹெலிகாப்டரின் படம் முதல் பக்கத்தில் வருகிறது. அந்தக் குழுவினரின் துணிச்சலுக்கு அது தகும். ஆனால், ஹெலிகாப்டர் தரையிறங்க வழி செய்துகொடுத்த போர் விமானிகள் பெரும்பாலும் செய்தியிலேயே இடம்பெறுவதில்லை. இது சரியல்ல.

1991 வளைகுடாப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 21 அன்று ஈராக்கில் அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. விமானி டெவன் ஜோன்ஸ் பாலைவனத்தில் குழி தோண்டிப் பதுங்கினார். அமெரிக்க விமானப்படை விமானி பால் ஜான்சன் தலைமையில் வந்த இரண்டு ஏ-10 தரைத்தாக்குதல் விமானங்கள் நடுவானில் மீண்டும் மீண்டும் எரிபொருள் நிரப்பிக்கொண்டு மணிக்கணக்கில் அவரைத் தேடின. ரேடியோவில் அவர் குரல் கேட்டு, இருப்பிடத்தை உறுதிசெய்த பிறகே ஹெலிகாப்டரை வரவழைத்தார்கள். அது நெருங்கும் வேளையில் ஈராக்கிய லாரி ஒன்று அவரை நோக்கியே வந்தது. ஏ-10 விமானங்கள் தாழப் பறந்து, பீரங்கியால் சுட்டு அதை அழித்தன. அந்தச் சில நிமிடங்கள் தவறியிருந்தால் அவர் கைதியாகியிருப்பார். அதே எஃப்-14இல் அவருடன் பறந்த லாரன்ஸ் ஸ்லேட் அன்றே பிடிபட்டார்!

ஜான்சனுக்கு விமானப்படைச் சிலுவை விருது கிடைத்தது; நம் வாசகர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, இவர்களுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர்