நேரில் கிரிப்டோ வாங்குவோரும் விற்போரும் கவனிக்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய எல்லையோர ஊர்களிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி வட்டாரத்திலும், யுஎஸ்டிடி (டாலர் மதிப்போடு இணைக்கப்பட்டது), பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை முன்பின் தெரியாதவர்களிடம் ரொக்கத்துக்குக் கைமாற்றிக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளிடையே பரவி வருகிறது. டெலிகிராம் குழுவில் விலை பேசி முடித்து, ஏதாவதொரு பேக்கரியிலோ தென்னந்தோப்பு ஓரத்தில் நிற்கும் காருக்குள்ளோ பணத்தையும் நாணயத்தையும் மாற்றிக்கொள்கிறார்கள். வங்கியில் காசாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், பணம் கைமாறும் இடத்தில் என்னென்ன தவறு நடக்கும் என்பதை ஓரளவு அறிந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இவர்கள் ஏன் நேரில் போகிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆன்லைனில் பி-டு-பி முறையில், அதாவது தனிநபருக்குத் தனிநபர் நேரடியாக, விற்றால், வாங்குபவர் அனுப்பும் பணம் எங்கோ ஒரு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம்; ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் அந்தப் பணம் போன வழியிலுள்ள கணக்குகளிலெல்லாம் பணத்தை எடுக்க முடியாதபடி வங்கிகள் லியன் என்ற தடையைப் போட்டுவிடுகின்றன. சம்பளக் கணக்கே முடங்கி, பார்த்தறியாத ஊரின் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்போர் பலர். கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்சு நிறுவனங்கள் மீதும் நம்பிக்கை குறைந்துவிட்டது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டு, வாடிக்கையாளர்கள் பணத்தை எடுக்க முடியாமல் காத்திருந்ததை யாரும் மறக்கவில்லை. ஆகவே கையில் வாங்கும் ரொக்கமே பத்திரம் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் ஆபத்தானது என்பதே என் கவலை. ஃபின்லாந்தைச் சேர்ந்த லோக்கல்பிட்காயின்ஸ் என்ற தளம், நேரில் சந்தித்து ரொக்கத்துக்கு விற்கும் வசதியைப் பல ஆண்டுகள் கொடுத்துவந்துவிட்டு, 2019இல் அதை நீக்கியதையும் இங்கே நினைவூட்டலாம்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் கிரிப்டோ வைத்திருப்பதும் விற்பதும் குற்றமல்ல. வங்கிகள் இத்துறைக்குச் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் பிறப்பித்த சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்துவிட்டது. 2022 ஏப்ரல் முதல் இதன் லாபத்துக்கு 30 சதவீத வரியும், அதே ஆண்டு ஜூலை முதல் குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட பரிமாற்றங்களுக்கு 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் நடைமுறைக்கு வந்தன. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், கொள்ளையடிப்பவர்களின் முதல் மூலதனமே நம் பிள்ளைகளின் பயம்தான். "நாம் செய்ததே சட்டவிரோதம், புகார் கொடுத்தால் நம்மையே பிடிப்பார்கள்" என்று நினைத்து, பறிகொடுத்தவன் வாய் திறக்காமல் வீடு திரும்புகிறான். வரி கட்டாமல் தப்புவதற்காகவே ரொக்கத்துக்கு விற்றவனுக்கு இந்தப் பயம் இரட்டிப்பாகிறது. எனவே நான் சொல்லவரும் எல்லா எச்சரிக்கைகளுக்கும் அடிப்படை ஒன்றே: பின்னால் காவல் நிலையத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதிக்கொடுக்க முடியாத விதத்தில் எந்தப் பரிமாற்றத்தையும் செய்யக் கூடாது.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பேக்கரியும் கார் இருக்கையும் உடனே அடிபட்டுப் போகின்றன. பரிமாற்றத்துக்குத் தகுந்த இடம், பகல் நேரத்தில், விற்பவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையின் உள்ளேதான். அங்கே கேமரா இருக்கிறது, ஊழியர்கள் இருக்கிறார்கள், வருபவரின் முகம் பதிவாகிறது. அதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. வாங்குபவரே செலானை நிரப்பி, தன் கையாலேயே ரொக்கத்தைக் கவுண்டரில் செலுத்தட்டும். பணம் விற்பவரின் கணக்கில் ஏறி, குறுஞ்செய்தி வந்த பிறகு நாணயத்தை அனுப்பினால் போதும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ஒருவர் ஒரே தடவையில் செலுத்தும் பணத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கள்ள நோட்டுகள் இருந்தால் வங்கி உடனே காவல் துறையிடம் புகார் செய்து வழக்குப் பதிய வைக்க வேண்டும். நான்கு வரை என்றால் ரசீது கொடுத்து நோட்டைப் பறிமுதல் செய்து மாதாந்திர அறிக்கையில் சேர்க்க வேண்டும். தோப்போரத்தில் வாங்கிய கட்டை மறுநாள் நீங்கள் கொண்டுபோய்ச் செலுத்தினால், அந்தக் கவுண்டரில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வாங்குபவரே செலுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பெரிய தொகை என்றால் பான் எண்ணும் கேட்கக்கூடும். வங்கிக்குள் வர மாட்டேன், பான் எண் தர மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் அதற்கு மேல் பேசுவதற்கு எதுவுமில்லை.

ரொக்கத்தைக் கையில் வாங்கியே தீர வேண்டிய நிலை வந்தால், கட்டை அவிழ்க்காமல் வாங்கவே கூடாது. ஐந்நூறு ரூபாய்க் கட்டில் மேலும் கீழும் நல்ல நோட்டுகளை வைத்து, நடுவில் பிள்ளைகள் விளையாடும் நோட்டையோ வெறும் காகிதத்தையோ அடுக்கி, வங்கி ஒட்டுத்தாள் போலவே ஒன்றைச் சுற்றித் தருவது பழைய வித்தை. அவசரப்படுகிறவனிடம் இன்றும் அது பலிக்கிறது. நூறு நோட்டையும் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். நோட்டைச் சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். காந்தியடிகள் உருவத்தை விரலால் தடவினால் மேடு தட்டுப்பட வேண்டும். வரிசை எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகச் சிறிது சிறிதாகப் பெரிதாகிக்கொண்டு போக வேண்டும். எண்ணும்போது எதிராளி பேச்சுக் கொடுப்பதும், "நேரமாகிறது" என்று துரிதப்படுத்துவதும், எண்ணி முடித்த கட்டை "ஒரு நிமிடம், கொடுங்கள்" என்று திரும்ப வாங்குவதும் எச்சரிக்கைக்குரிய அடையாளங்கள். அப்படித் திரும்பப் போன கட்டை மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

தொகையிலும் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஒரே நபரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே பரிமாற்றத்துக்காக, இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடை செய்திருக்கிறது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான தொகையை அபராதமாக விதிக்கலாம். ஐந்து லட்சத்துக்கு யுஎஸ்டிடி விற்று ரொக்கம் வாங்கியவர், ஒரு கள்ள நோட்டுகூட இல்லாமல் வாங்கியிருந்தாலும், ஐந்து லட்சம் அபராதத்துக்கு ஆளாகலாம். தவணையாகப் பிரித்து வாங்கினாலும், ஒரே பேரத்துக்கானது என்றால் தப்ப முடியாது. தேர்தல் காலத்திலோ, ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆவணமின்றி எடுத்துச் செல்லும் ரொக்கத்தைப் பறக்கும் படையினர் பறிமுதல் செய்வார்கள்.

சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து ரொக்கத்துக்கு யுஎஸ்டிடி வாங்கிக்கொள்வதாகச் சொல்பவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணையக் குற்றக் கும்பல்கள் கூலிக்கு எடுத்த கணக்குகளுக்குப் பணத்தை வரவழைத்து, ஏடிஎம்மில் எடுத்து, அந்த ரொக்கத்தை கிரிப்டோவாக மாற்றி நாட்டைவிட்டு வெளியே அனுப்புகின்றன. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாக நின்று நாணயத்தை அனுப்பிவைப்பவர், கூடுதல் விலைக்கு ஆசைப்பட்ட நம் ஊர்ப் பையனாக இருப்பான். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் அதைப் பெற்றுக்கொண்டவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. எவரும் காரணமில்லாமல் கூடுதல் விலை தருவதில்லை என்பதை விற்பவர் யோசித்திருக்க வேண்டும் என்றுதான் விசாரணை அதிகாரி கேட்பார்.

வாங்குபவருக்குள்ள ஆபத்து வேறு விதம். பணத்தைக் கொடுத்த பின், "அனுப்பிவிட்டேன்" என்று விற்பவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிமாற்றங்களின் ஒரு தொகுப்பு, பதிவாகிறது. ஆறு பிளாக்குகள் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருப்பதே வழக்கம். ஒரு பிளாக்கில்கூடப் பதிவாகாத நிலையில், அனுப்பியவர் அதிகக் கட்டணம் கொடுத்து அதே நாணயத்தைத் தன் இன்னொரு வாலட் (நாணயத்தை வைத்திருக்கும் செயலி) முகவரிக்கே திருப்பிவிட முடியும். டிரான் நெட்வொர்க்கில் யுஎஸ்டிடி ஒரு நிமிட அளவில் உறுதியாகிவிடும் என்பதால் நம் ஊர்களில் பெரும்பாலும் அதுவே புழங்குகிறது. ஆனால் யுஎஸ்டிடி என்ற பெயரிலேயே ஒரு போலி டோக்கனை எவரும் உருவாக்கி அனுப்பலாம். வாலட்டில் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்து மகிழாமல், உங்கள் சொந்த போனில், உங்கள் சொந்த டேட்டாவில், டிரான் பரிமாற்றங்களைக் காட்டும் டிரான்ஸ்கேன் தளத்தைத் திறந்து, டோக்கனின் ஒப்பந்த முகவரி (அதை உருவாக்கிய நிரலின் அடையாளம்) உண்மையானதுதானா என்று சரிபார்க்க வேண்டும். எதிராளியின் ஹாட்ஸ்பாட்டில் இணையக் கூடாது. அவர் சொல்லும் செயலியை அந்த இடத்தில் தரவிறக்கக் கூடாது. "இந்த வாலட்டில் நாணயம் இருக்கிறது, பன்னிரண்டு சொற்களைத் தருகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று விற்பவரிடம் வாங்கவே கூடாது. வாலட்டைத் திறக்கும் சாவியே அந்தச் சொற்கள்தான்; அவற்றின் நகல் அவரிடம் இருக்கும்வரை நாணயமும் அவருடையதுதான்.

முகவரியைப் பழைய பட்டியலிலிருந்து நகலெடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். முதல் சில எழுத்துகளும் கடைசி சில எழுத்துகளும் நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியை ஒத்திருக்கும் வேறு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து அற்பத் தொகையை அனுப்பி, உங்கள் பட்டியலில் இடம்பிடித்துக் காத்திருக்கும் மோசடி இப்போது சர்வசாதாரணம். முழு முகவரியையும் வாசித்து, சிறு தொகையை முதலில் அனுப்பி, அது வந்து சேர்ந்த பின்னரே மீதியை அனுப்ப வேண்டும்.

உயிருக்கும் உடலுக்கும் உள்ள ஆபத்தை இங்கே எவரும் பேசுவதில்லை. பிரான்சில் 2025 ஜனவரியில் கிரிப்டோ வாலட் கருவி தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் இணை நிறுவனர் ஒருவரைக் கடத்தி, அவருடைய விரலையே வெட்டி, கிரிப்டோவாகப் பணயத் தொகை கேட்டார்கள். அது தொலைதூரச் செய்தி என்று விட்டுவிட வேண்டாம். சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில், நம் மாவட்டத்துக்கு அடுத்த திருச்சூரின் கொடகரையில், 2021 ஏப்ரலில் பணம் கொண்டுசென்ற காரை மறித்து நடந்த குழல்பண (ஹவாலா) கொள்ளையை இந்த வட்டாரமே அறியும். ரொக்கம் எந்த நேரத்தில் எங்கே கைமாறும் என்பதை ஒரு டெலிகிராம் குழுவே அறிந்திருக்கும்போது, மறிப்பவர்களுக்கு உளவாளி தேவையில்லை. ஆகவே தனியாகப் போகாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். கடைசி நேரத்தில் இடத்தை மாற்றினால் திரும்பி வந்துவிடுங்கள். எவருடைய காரிலும் ஏறாதீர்கள். அன்றைக்கு விற்கும் அளவு மட்டும் உள்ள தனி வாலட்டை ஒரு பழைய போனில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சேமிப்பும் இருக்கும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது, வீட்டுச் சாவியையும் பீரோச் சாவியையும் சேர்த்து அந்நியர் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும். கைரேகைப் பூட்டை அன்றைக்கு நிறுத்திவைப்பது நல்லது, ஏனெனில் விரலைப் பிடித்து வைத்துத் திறப்பதற்கு நொடி நேரம் போதும்.

போலி போலீஸ் வேடத்தில் நடப்பது இன்னொன்று. பணம் கைமாறும் நொடியில் மஃப்டியில் இருவர் வந்து, "கிரைம் பிராஞ்ச்" என்று சொல்லிப் பணத்தையும் போனையும் பறித்துக்கொண்டு, "நாளை நிலையத்துக்கு வா" என்று அதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். கைது செய்யும் அதிகாரியின் பெயர் அடையாளம் தெளிவாகத் தெரிய வேண்டும். அடையாள அட்டையைக் கேட்கவும், அவசர உதவி எண்ணான 112ஐ அழைத்து உறுதிசெய்யவும், நிலையத்துக்கே வந்து பொருளை ஒப்படைப்பதாகச் சொல்லவும் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயுதம் காட்டினால் மட்டும் வாதாடாமல் கொடுத்துவிட வேண்டும்.

எல்லையோரத்தில் வாழும் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வேலந்தாவளத்தில் பறித்தவன் சில நிமிடங்களில் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுகிறான். பறிகொடுத்தவனோ, "அது எங்கள் எல்லை அல்ல" என்ற பதிலோடு இரு மாநில நிலையங்களுக்கும் அலைகிறான். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுத்துப் பதிவு செய்ய மேற்சொன்ன நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வழிசெய்திருக்கிறது; அதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்கிறார்கள். எழுத்து வேலையில் தயக்கம் உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும்: மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில், அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையைக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தந்திருக்கிறது. புகாரில் பரிவர்த்தனை எண், இரு முகவரிகள், உரையாடலின் நகல், வண்டி எண் ஆகியவை இருக்க வேண்டும். பிட்காயின் போனால் தடுத்து நிறுத்துவார் எவருமில்லை. யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனமோ காவல் துறை கேட்டால் ஒரு முகவரியையே முடக்கக் கூடியது. நாணயம் அங்கிருந்து கைமாறும் முன் புகார் போய்ச் சேர்ந்தால்தான் அது பயன்படும் என்பதால், அன்றே இணையக் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும்.

பாலக்காடு, கோவை மாவட்டக் காவல் துறையினர் இவ்விவரங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பேருந்து நிறுத்தங்களில் ஒட்ட வேண்டும் என்றும், ரொக்கம் செலுத்த வரும் அந்நியரிடம் அடையாளச் சான்று கேட்டுப் பதிவு செய்யும் பழக்கத்தை எல்லையோர வங்கிக் கிளைகள் தளர்த்திவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தை வெளியிடும்போது 1930, 112 ஆகிய இரு எண்களையும் தனியே கட்டமிட்டு அச்சிடுமாறு தங்களையும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.