அடுத்த காம்பராக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

அயலவர்களைப் பற்றிய சிரிப்புப் படக்கதை நூல்களை இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் சின்னஞ்சிறார்களுக்காக வெளியிடுவதில் துணைநின்ற அனைவருக்கும், முன்பள்ளி ஆசிரியைகளின் சார்பில் இம்மடலை எழுதுகின்றேன்.

முதல் நன்றி, கதைக்குள் வருவதற்கு இசைந்த, லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழும் மக்களுக்கே உரியது. 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்கள் (அறைகள்) ஒட்டி ஒட்டி நிற்க, நடுச்சுவர் கூரையைத் தொடாத லயங்களில், ஒரு வீட்டு இருமலும் ஏச்சும் தாளித வாசனையும் அடுத்த வீட்டுக்கும் சொந்தமாகிவிடுவதால், அயலவரைப் பற்றிச் சிரிப்பதற்கு அங்கே விடயம் தேடி அலைய வேண்டியதில்லை. சிரித்தவர் மறுநாட் காலை தண்ணீர் பிடிக்கும் அதே பீலியடியில் அவரோடு குடம் வைத்து நிற்க வேண்டும் என்பதே சிக்கல். ஆகவே ஒவ்வொரு கதையையும் உரியவருக்கே முதலில் வாசித்துக் காட்டினோம். குடியையும் உடற்குறையையும் தொடவில்லை. குறட்டைக் கதையின் நாயகியான பாட்டியோ, தமது குறட்டை இன்னும் பலமாக ஒலிக்க வேண்டுமென்று திருத்தம் சொன்னார். அது உடனே ஏற்கப்பட்டது.

அக்கதைக்கு உயிர் தந்தவர் எங்கள் சித்திர ஆசிரியர். தேயிலை மலையிலிருந்து சிறுத்தை இறங்கிவிட்டதென்று லயமே நடுங்குவதாக வசனம் சொல்ல, கம்பளிக்கு வெளியே நீண்டிருக்கும் பாட்டியின் பாதங்களைப் படத்தின் மூலையில் மட்டும் அவர் வரைந்திருக்கிறார். எழுத்தறியாத குழந்தை உண்மையைக் கண்டுபிடித்துவிட, வாசிக்கும் பெரியவர் மட்டும் சிறுத்தையை நம்பிக்கொண்டிருக்கிறார். இந்த வயதினருக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை இல்லையென்பது என் எண்ணம்.

நடுவில் கம்பி அடிக்கும் நூலின் பக்கங்கள் நான்கின் மடங்காக அமைய வேண்டுமென்பதால் 18 பக்கக் கதையை 16 ஆகச் சுருக்கச் சொன்னதோடு, புதிரை வலப்பக்கத்தில் நிறுத்தினால் தாளைப் புரட்டியதும் விடை வெளிப்படும் என்றும் காட்டித் தந்த அச்சக உரிமையாளருக்கு நன்றி. அவர் அளித்த விலைக்கழிவைவிட இந்த யோசனையே பெரிது.

தாய்மார் கொழுந்து பறிக்கச் சென்ற வேளைகளில் மாதிரிப் பிரதியைக் குழந்தைகளுக்குக் காட்டி, எங்கே சிரித்தார்கள், எங்கே எழுந்து ஓடினார்கள் என்று குறித்துத் தந்த பிள்ளைமடுவத்து (தோட்டக் குழந்தைகள் காப்பகத்து) அம்மையாருக்கும், பெட்டிகளைத் தோட்டந்தோட்டமாக இறக்கிய லொறிச் சாரதிக்கும் கடமைப்பட்டுள்ளோம்.

அடுத்த நூல் தொலைக்காட்சிச் சத்தத்தைப் பற்றியது. தம்மை விட்டுவிட்டோம் என்று குறைப்பட்ட அயலவர்கள் பிள்ளைமடுவத்தில் பெயர் கொடுக்கலாம்.

நன்றியுடன்,
முன்பள்ளி ஆசிரியைகள் சார்பில்