லிவோர்னோவில் பிடிபட்ட சுறா

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி கல்லூரியில் நிலவியல் எடுத்திருக்கிறாள் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் சமயம் குறுக்கே நிற்காதிருந்தால் அந்த அறிவியல் இன்னும் வெகுகாலத்துக்கு முன்பே தோன்றியிருக்கும் என்று நீ எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கலிலியோவுக்கு நேர்ந்ததை நான் மறுக்கவில்லை. அவரை ஆதரித்த, ஃபுளோரன்சை ஆண்ட அதே மெதிச்சி குடும்பத்தின் நிழலில், ஒரு தலைமுறை கழித்து நடந்த வேறொன்றையும் நீ கணக்கில் சேர்க்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

கோபன்ஹேகனில் 1638இல் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்து, லூத்தரன் திருச்சபையில் வளர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் என்பவரை உலகம் ஸ்டெனோ என்ற லத்தீன் பெயரால் அறியும். உடற்கூற்றியலில் தேர்ந்த அவர் 1666இல் இத்தாலிக்கு வந்தார். அவ்வாண்டு கோடையில் லிவோர்னோ துறைமுகத்தில் கத்தோலிக்கரின் நற்கருணைப் பவனியைக் கண்டு அவர் மனம் கலங்கியது. அக்டோபரில் அதே ஊரின் அருகே பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலை, அறுத்து ஆராய்வதற்காக ஃபுளோரன்சில் அவரிடம் வந்து சேர்ந்தது. அவருடைய வாழ்க்கையின் இரண்டு திருப்பங்களையும் ஒரே துறைமுகம் ஒரே ஆண்டில் தந்ததை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

அந்தச் சுறாவின் பற்கள், மால்டாவில் தோண்டியெடுக்கப்பட்டு 'நாக்குக்கல்' என்று விற்கப்பட்ட கற்களை அப்படியே ஒத்திருந்தன. புனித பவுல் அத்தீவின் பாம்புகளைச் சபித்ததால் அவற்றின் நாக்குகள் கல்லாயின என்று மக்கள் நம்பி, அவற்றை விஷமுறிவுக்கு அணிந்தார்கள். அவை சுறாப் பற்களே என்று ஸ்டெனோவுக்கு முன்பே சிலர் சொல்லியிருந்தனர். ஆனால் பல் எவ்வாறு பாறைக்குள் புகுந்தது என்ற வினாவை விடாமல் பின்தொடர்ந்தவர் அவர்தாம். கல்லுக்குள்ளேயே வளர்ந்திருந்தால், பாறை இடுக்கில் நுழைந்த மரவேர்போல அது நசுங்கிக் கோணியிருக்க வேண்டுமல்லவா? கோணவில்லை. ஆகவே பல் முன்பே இருந்தது. அதைச் சுற்றியிருந்த சேறுதான் பின்னர் இறுகிக் கல்லானது. இதிலிருந்து 1669இல் அவர் வெளியிட்ட சிறு நூலின் அடிப்படை விதிகள் பிறந்தன: கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது, எல்லா அடுக்கும் முதலில் கிடைமட்டமாகவே படிந்தவை, சாய்வு பின்னர் நேர்ந்தது. உன் பேத்தி முதல் பருவத்திலேயே இவற்றைப் படித்திருப்பாள்.

இதில் சமயத்துக்கு என்ன இடம் என்று கேட்பாய். உலகம் என்றும் இப்படியே இருந்தது என்று அரிஸ்டாட்டிலின் வழியில் நினைப்பவனுக்குப் பாறை வெறும் பாறைதான். படைப்பு என்ற தொடக்கமும், வெள்ளம் என்ற இடைநிகழ்ச்சியும் கொண்ட ஒரு வரலாறு உலகுக்கு உண்டு என்று சிறுவயது முதல் நம்பியவருக்கோ, அடுக்குகளை முன்பின்னாக வாசிப்பது இயல்பாகவே கைவந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஃபுளோரன்சைச் சூழ்ந்த தஸ்கனி நிலம் ஆறு நிலைகளைக் கடந்து இன்றைய வடிவுக்கு வந்தது என்று எழுதிய அவர், ஒவ்வொரு நிலையிலும் இயற்கை சொல்வதையும் விவிலியம் சொல்வதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். விவிலியத்தின் குறுகிய காலக்கணக்கின் நெருக்கடியால் தவறவும் செய்தார்: அரெத்சோவில் கிடைத்த யானை எலும்புகளை பழங்காலத்தில் ரோமின்மீது படையெடுத்த ஹன்னிபாலின் படையானைகளுடையவை என்று எண்ணினார்! விதி நிலைத்தது, கணக்கு உதிர்ந்தது.

ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் பக்லாண்டின் கதையும் இதற்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. நோவா காலத்து வெள்ளத்துக்குச் சான்று தேடியவர், 1821இல் யார்க்‌ஷயரின் கிர்க்டேல் குகையில் கிடைத்த யானை, காண்டாமிருக எலும்புகளை வெள்ளம் அடித்துவரவில்லை, அங்கே குடியிருந்த கழுதைப்புலிகளே இழுத்துவந்து கடித்தன என்று நிறுவினார். பின்னாளில் தம் வெள்ளக் கொள்கையையே கைவிட்டார். குருப்பட்டத்தை அதற்காக அவர் துறக்கவில்லை.

ஸ்டெனோ 1667இல் கத்தோலிக்கராகி, 1675இல் குருவாகி, 1677இல் ஆயரானார். 1669இல் வந்தது ஒரு முன்னோட்டம் மட்டுமே. அது முன்னறிவித்த பெருநூல் எழுதப்படவே இல்லை. ஏழைகளுக்குக் கொடுத்தும் நோன்பிருந்தும் மெலிந்த அவர் 1686இல், 48 வயதில், ஷ்வெரின் நகரில் இறந்தார். அந்த நூலை எழுதவிடாமல் செய்தது சமயம்தானே என்று நீ அடுத்த கடிதத்தில் மடக்குவாய். அதற்கு என்னிடம் இன்னும் நல்ல விடை இல்லை.

உன் அன்பு நண்பன்,
வேலாயுதம்