பழைய போனுக்குப் பெரிய அப்டேட்: பினாங்கில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. தம்பி பரீட்சைக்குப் படிக்கிறேன் என்கிறான், நம்பி வைப்போம்.

நீ வாய்ஸ் மெசேஜில் கேட்டதற்கு வாய்ஸிலேயே பதில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இங்கே லைன் இருக்கிற லட்சணத்துக்குப் பாதிதான் வந்து சேரும். அதுவும் போக, நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வேறு வேலை பார்ப்பாய். அதனால் எழுத்தில்.

ஐபோனின் பெரிய அப்டேட் ஐஓஎஸ் 26 வந்து நிற்கிறது, தினம் ராத்திரி "போடட்டுமா" என்று கேட்கிறது, ஐபோன் 11 தாங்குமா என்று கேட்டாய். கூடவே அம்மாவின் சாம்சங், தம்பி வைத்திருக்கும் உன் பழைய ஐபேட் ஏர் 2, எல்லாவற்றுக்கும் சேர்த்து என்ன செய்வது என்றும் கேட்டாய். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது பாப்பா. எந்தப் போனில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். உன் போனில் உன் சம்பளம் இருக்கிறது, பேங்க் ஆப் இருக்கிறது, பெர்மிட் காகிதமெல்லாம் படமெடுத்து வைத்திருக்கிறாய். அந்த மாதிரிப் போன் பழைய சாஃப்ட்வேரிலேயே கிடக்கக் கூடாது. ஆகவே போடு. ஆனால் இன்றைக்கு ராத்திரி வேண்டாம். முதலில் பேட்டரியை மாற்று.

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் பேட்டரி ஹெல்த் 77 சதவீதம் என்று இருந்தது. 11 வந்தது 2019ல். அந்தக் காலத்து ஐபோன் பேட்டரி 500 தடவை முழுதாக ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்குகிற மாதிரி செய்தது என்று ஆப்பிள் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. நீ அதைத் தாண்டிவிட்டாய். நம் போன் கடைக்கு வருகிறவர்கள் "அப்டேட் போட்டேன், போன் செத்துப்போச்சு" என்று சொல்லும்போது நான் முதலில் பார்ப்பது பேட்டரியைத்தான். தேய்ந்த பேட்டரியால் திடீரென்று கேட்கிற கரண்டைக் கொடுக்க முடியாது. அப்டேட் போட்டு முடிந்ததும் போன் சும்மா இருக்காது. படங்களையெல்லாம் திரும்ப எண்ணி அடுக்கும், தேடுவதற்குப் பட்டியல் போடும், ஆப்களைப் புதுப்பிக்கும். ஓரிரு நாள் சூடாகத்தான் இருக்கும், சார்ஜ் நிற்காது. நல்ல பேட்டரி அதைச் சமாளித்துவிடும். நோஞ்சான் பேட்டரி 30 சதவீதத்தில் பொட்டென்று அணைந்துவிடும். பழி விழுவது அப்டேட் மேல்.

"கம்பெனிக்காரன் வேண்டுமென்றே பழைய போனை மெதுவாக்குகிறான்" என்று உன் மாமா சொல்வார். அதில் பாதி உண்மைதான். 2017 ஜனவரியில் வந்த 10.2.1 என்ற அப்டேட்டில், பேட்டரி தேய்ந்த ஐபோன் திடீரென்று அணையாமல் இருக்க அதன் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைச் சத்தமில்லாமல் வைத்தார்கள். அந்த வருடம் டிசம்பரில்தான் ஒத்துக்கொண்டார்கள். பெரிய கூச்சல் கிளம்பியது. 2018ல் பேட்டரி மாற்றும் விலையை அமெரிக்காவில் 29 டாலராகக் குறைத்தார்கள், நீ பார்க்கிற அந்த பேட்டரி ஹெல்த் பக்கமும் அதற்குப் பிறகு வந்ததுதான். அதே 2018ல் இத்தாலியில் ஆப்பிள், சாம்சங் இரண்டுக்கும் அபராதம் போட்டார்கள். ஐபோன் 7க்காகச் செய்த ஐஓஎஸ் 10ஐ ஐபோன் 6 வைத்திருந்தவர்கள் தலையிலும், நோட் 7க்காகச் செய்த ஆண்ட்ராய்டை நோட் 4 வைத்திருந்தவர்கள் தலையிலும் கட்டினார்கள் என்று. குருவி தலையில் பனங்காய்.

ஆனால் மாமா சொல்லாத மறுபாதி ஒன்று இருக்கிறது. அதே 2018ல் வந்த ஐஓஎஸ் 12, பழைய போன்களை வேகமாக்கத்தான் வந்தது. 2013ல் வந்த ஐபோன் 5எஸ் கூட அதில் நன்றாக ஓடியது. ஆகவே பெரிய அப்டேட் என்றாலே மெதுவாகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எந்த வருடத்து அப்டேட், எந்தப் போன் என்று பார்க்க வேண்டும்.

இந்த 26ல் திரையெல்லாம் கண்ணாடி மாதிரி தெரிய வைத்திருக்கிறார்கள். அது அலங்காரம். அந்த அலங்காரத்துக்கு உன் 11 கொஞ்சம் மூச்சு வாங்கும். அதற்கு முந்தைய வருடத்து ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் எல்லாம் இந்தத் தடவை வாசலிலேயே நிறுத்தப்பட்டன. உள்ளே விட்டதில் பழையது 11தான். விளம்பரத்தில் காட்டுகிறார்களே ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்கிற ஏஐ வசதி, அதுவும் உன் போனில் வராது. அப்படியென்றால் எதற்காகப் போடுவது? ஓட்டை அடைப்பதற்காக. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 14.8 வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு மெசேஜ் வந்தாலே போதும், நீ எதையும் தொடவே வேண்டாம், உள்ளே புகுந்துவிடலாம் என்கிற மாதிரி ஓட்டையை அடைக்க வந்தது. அந்த மாதிரி அடைப்பு வேலை புதுப் பதிப்பில் இருப்பவர்களுக்குத்தான் முதலில், தொடர்ந்து கிடைக்கும். பழைய பதிப்பிலேயே இருங்கள், பாதுகாப்பை மட்டும் தருகிறோம் என்று ஐஓஎஸ் 15 வந்தபோது சொன்னார்கள். அடுத்த ஜனவரியில் அது ஓசைப்படாமல் நின்றுவிட்டது.

போட்ட பிறகு திரை கண்ணைக் கூசினால் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் போய் டிரான்ஸ்பரன்சியைக் குறை, மோஷனையும் குறை. 26.1ல் கண்ணாடியை மங்கலாக்க இன்னொரு வழியும் வைத்துவிட்டார்கள். முதல் பதிப்பு வந்த அன்றே போடாமல் நீ இவ்வளவு நாள் தள்ளியது நல்லதுதான். 2014ல் ஐஓஎஸ் 8.0.1 என்று ஒன்று விட்டு, ஐபோன் 6ல் சிக்னலே போய், கைரேகையும் வேலை செய்யாமல், அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். முதல் வரிசையில் நிற்கிறவனுக்குத்தான் அடி.

இன்னொன்று. ஐபோனில் மேலே ஏறினால் கீழே இறங்க முடியாது. புதுப் பதிப்பு வந்து கொஞ்ச நாளில் பழையதற்கு அனுமதி கொடுப்பதை ஆப்பிள் நிறுத்திவிடும். அதற்குப் பிறகு எந்தக் கடைக்காரனாலும் ஒன்றும் செய்ய முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் போனைக் கையில் கொடுக்காமல் திரும்பி வந்துவிடு. அதனால் போடுவதற்கு முன்னால் உன் ஃபிரெண்டுடைய கம்ப்யூட்டரில் இணைத்து முழு பேக்கப் எடு. ஆப்பிள் இலவசமாகத் தருகிற ஐகிளவுட் இடம் 5 ஜிபிதான், உன் போட்டோவுக்கே பத்தாது. பேக்கப் எடுக்கும்போது என்க்ரிப்ட், அதாவது பூட்டி வைப்பது, என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணு. அப்போதுதான் பாஸ்வேர்டுகளும் சேர்ந்து வரும். அந்த பேக்கப்புக்கு நீ வைக்கிற பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி வை, சிரிக்காதே. பேக்கப் முடிந்ததும் அப்டேட்டையும் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகவே போடு. போனில் அவ்வளவு காலி இடம் தேவைப்படாது.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது என்பதால் ஒன்று சொல்கிறேன். நம் யாங்கூனில் அப்டேட் என்றாலே ஜனங்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று நீ ஒரு தடவை கேட்டாய். ஒரு காலத்தில் இங்கே சிம் கார்டு வாங்குவது நிலம் வாங்குவது மாதிரி, டாலர் கணக்கில் ஆயிரத்துக்கு மேல் போன நாளெல்லாம் உண்டு. 2014ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து பர்மா காசில் 1,500 கியாட்டுக்கு சிம் விற்ற பிறகுதான் காளி கோவில் பக்கம் பூ விற்கிறவர் கையிலும் ஹுவாவே வந்தது. அந்தப் போன்களில் பர்மிய எழுத்து ஒழுங்காகத் தெரியாது. எல்லோரும் ஜோஜீ எழுத்துருவில்தான் எழுதினார்கள், அது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட யூனிகோட் முறை இல்லை. மான், கரென், ஷான் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடத்தையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டது. புதுப் போன் வாங்கினால் நேரே கடைக்கு வருவார்கள். நாங்கள் போனை ரூட் செய்து, அதாவது கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து, உள்ளே ஜோஜீயை ஏற்றித் தருவோம். அதுதான் அப்போது எங்கள் சோறு.

அந்தப் போனில் கம்பெனி அப்டேட் வந்தால் என்ன ஆகும்? ரூட் செய்த போனில் பெரும்பாலும் ஏறவே ஏறாது, பாதியில் நின்றுவிடும். ஏறிவிட்டால் எழுத்துரு போய்விடும். நம் தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதே, அது மாதிரி பர்மிய எழுத்திலும் ஒரு குறி முன்னால் நிற்கும். ஜோஜீயில் அதை முதலில் அடிக்க வேண்டும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் அடிக்க வேண்டும். எழுத்துரு மாறியதும் அந்தக் குறி தனியாகப் பிரிந்து ஒரு புள்ளி வட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், மீதி எழுத்து சிதறிக் கிடக்கும். ஒரு அக்கா, தன் மகன் அனுப்பிய மெசேஜைக் காட்டிக் கடையில் நின்று அழுதார், என்ன எழுதியிருக்கிறான் என்றே தெரியவில்லை என்று. 2019 அக்டோபர் 1 முதல் அரசாங்கமே யூனிகோடுக்கு மாறச் சொன்ன பிறகு அந்தத் தொல்லை மெல்ல ஓய்ந்தது. பயம் மட்டும் ஓயவில்லை. இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்கள், "அப்டேட் மட்டும் போட்டுடாதீங்க" என்று சொல்லித்தான் போனை நீட்டுகிறார்கள்.

அம்மாவும் அந்தக் கட்சிதான். அம்மாவின் சாம்சங்குக்கு இனிப் பெரிய அப்டேட் வராது, விலை குறைந்த மாடல்களுக்கு அப்போது இரண்டு மூன்று தடவைதான் கொடுத்தார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை. மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு தடவை வருகிற பாதுகாப்பு அப்டேட்தான் முக்கியம், அதை நான் பார்த்துப் போட்டுவிடுகிறேன். அந்த மாடலில் போடுகிற நேரம் முழுக்கப் போனைத் தொட முடியாது. சில கம்பெனி போன்களில் பழையது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியது இன்னொரு பக்கம் ஏறிவிடும், தவறினால் பழையதற்கே திரும்பிக்கொள்ளும். 2016லேயே ஆண்ட்ராய்டில் வந்த வசதி அது, சாம்சங் 2024ல் ஏ55 மாடலில்தான் முதல் தடவையாகக் கொடுத்தது. அதனால் அம்மா போனை நான் கரண்ட் வந்த பிறகு, முழு சார்ஜ் ஏறிய பிறகுதான் தொடுவது. இங்கே கரண்ட் முறை வைத்து வருகிறது என்று உனக்குத் தெரியுமே.

ஐபேடைப் பற்றிக் கவலைப்படாதே. 2014ல் ஐஓஎஸ் 8ல் வந்தது, 15 வரைக்கும் ஏறிவிட்டது, அதற்கு மேல் கிடையாது. எப்போதாவது 15.8 என்று ஆரம்பிக்கிற சின்ன பேட்ச் வந்தால் போடச் சொல்கிறேன். தம்பி அதில் பாடப் புத்தகம் படிக்கிறான், அம்மா திருப்புகழ் கேட்கிறார். அதற்கு அது போதும். ஆனால் உன் பழைய மெயில் கணக்கு இன்னும் அதில் திறந்தே கிடக்கிறது, அங்கிருந்தே அதை எடுத்துவிடு. பேங்க் சம்பந்தப்பட்ட எதுவும் அதில் இருக்கக் கூடாது.

பேட்டரி மாற்றும்போது ஒரு விஷயம். உன் மாடலில் ஒரிஜினல் இல்லாத பேட்டரி போட்டால், போன் அதைச் சரிபார்க்க முடியவில்லை என்று எழுதும், ஹெல்த் சதவீதத்தையும் ஒழுங்காகக் காட்டாது. விலை கொஞ்சம் கூடினாலும் கம்பெனி அங்கீகரித்த இடத்திலேயே மாற்று. அதுவரைக்கும் செட்டிங்ஸில் ஜெனரலுக்குள் சாஃப்ட்வேர் அப்டேட், அதற்குள் ஆட்டோமேட்டிக் அப்டேட் இருக்கும், அதில் தானாக இன்ஸ்டால் ஆவதை அணைத்து வை. இல்லாவிட்டால் நீ தூங்கும்போது சார்ஜில் கிடக்கிற போன் அதுபாட்டுக்குப் போட்டுக்கொள்ளும். பேட்டரி மாற்றிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போடு. சனி, ஞாயிறு போன் சூடாகிக் கிடந்தாலும் உனக்கு வேலை கெடாது.

பேட்டரிக்கு என்ன விலை கேட்டார்கள் என்று எழுது. அதிகம் கேட்டால் சொல், நம் கடைக்குச் சாமான் கொடுக்கிற ஆளுக்குப் பட்டர்வொர்த்தில் தெரிந்தவர் இருக்கிறார், விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா
யாங்கூன்