‘இது உங்கள் ஊர்போலத் தோன்றுகிறதா?’: ஓர் ஆய்வு மாணவிக்குக் கடிதம்

அன்புள்ள ஆய்வு மாணவிக்கு,

வணக்கம். பிழைப்புக்காக இடம்பெயர்ந்தவர்கள் வந்த இடத்தில் எந்த அளவுக்கு ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது உங்கள் ஆய்வு. அதற்கான கேள்விப்பட்டியலைப் படித்தேன். வயது, கூலி, படிப்பு பற்றிய பகுதிகளில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ‘இந்த இடம் உங்கள் சொந்த இடம்போலத் தோன்றுகிறதா? 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக’ என்ற கேள்விதான் இடிக்கிறது. ஆய்வு முழுவதும் அதில்தான் தொங்குகிறது. பட்டியலிலேயே பலவீனமான கேள்வியும் அதுதான்.

பெரும்பாலோர் 4 என்று சொல்வார்கள். கேட்பவர் படித்தவர், உள்ளூர்க்காரர், கையில் தாளோடு நிற்கிறார். குறை சொல்லி எதற்கு வம்பு என்ற நினைப்பு முதல் காரணம். அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறுவது இரண்டாவது. முன்பு இருந்த இடத்தில் அடியும் வசவும் வாங்கியவர், இங்கே யாரும் கண்டுகொள்ளாமல் விட்டாலே 5 போடுவார். உரிமையோடு வாழ்ந்து பழகியவர் நல்ல இடத்துக்கும் 2 போடுவார். இந்த இரண்டு எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைப்பதற்குப் பொருள் கிடையாது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல், ஒட்டுவதும் ஒட்டாததும் வந்தவரின் மனதுக்குள் நடக்கும் விஷயம் என்று உங்கள் கேள்வி எடுத்துக்கொள்வது. அது பாதிக்குமேல் ஏற்கெனவே இருப்பவர்களின் கையில் இருக்கிறது. சமூகவியலாளர் நோர்பெர்ட் எலியாஸும் ஜான் ஸ்காட்சனும் இங்கிலாந்தின் லெஸ்டர் அருகே ஒரு தொழிலாளர் குடியிருப்பை ஆராய்ந்து 1965இல் வெளியிட்டதை நீங்கள் படித்தே ஆக வேண்டும். அந்த இடத்துக்கு வின்ஸ்டன் பார்வா என்று புனைபெயர் வைத்தார்கள். அங்கே இரண்டு பகுதித் தொழிலாளர்களுக்கும் ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே வேலை, ஒரே வருமானம். ஒரு பகுதியினர் இரண்டு மூன்று தலைமுறையாக இருப்பவர்கள், மற்றவர்கள் பின்னால் வந்தவர்கள். வேறுபாடு அவ்வளவுதான். ஆனாலும் பழையவர்கள் புதியவர்களோடு வேலையிடத்துக்கு வெளியே பழக மறுத்தார்கள். மன்றங்களிலும் தேவாலயத்திலும் பொறுப்புகள் பழையவர்களிடமே இருந்தன. ஒருவரையொருவர் நெடுநாளாக அறிந்தவர்கள் என்பதால் வம்புப்பேச்சு அவர்களுக்குள் வேகமாக ஓடியது. புதியவர்களில் அடங்காத சில குடும்பங்களை வைத்து மொத்தப் பகுதிக்கும் பெயர் வைத்தார்கள். தங்களை எடைபோடும்போது மட்டும் தங்களில் மிகச் சிறந்த சிலரை அளவாக எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு நடந்த ஆண்டுகளிலேயே இரு பகுதிகளுக்கும் இடையே இளைஞர் குற்றங்களில் இருந்த வேறுபாடு மறைந்துபோனது. கெட்ட பெயர் மறையவில்லை.

ஆகவே மொழி, மதம், பழக்கவழக்கம் பற்றிய உங்கள் பன்னிரண்டு கேள்விகளைப் பாதியாகக் குறைக்கலாம். ‘பண்பாட்டு வேறுபாடு’ என்ற விளக்கம் கைக்கு எளிதாக வருவதாலேயே நம் துறையில் அளவுக்கு மீறிப் புழங்குகிறது. குறைத்த இடத்தில் உள்ளூர்க்காரர்களிடம் கேட்க ஒரு தனிப் பட்டியல் தயாரியுங்கள். ‘வெளியிலிருந்து வந்தவர்களைப் பிடிக்குமா?’ என்பதெல்லாம் வேண்டாம். ‘அவர்களில் எத்தனை பேரைப் பெயர் சொல்லி அழைப்பீர்கள்?’ ‘போன மாதம் அவர்களில் ஒருவரிடம் ஏதாவது உதவி கேட்டீர்களா?’ என்று கேளுங்கள். பெயர் தெரியாது என்பதை யாரும் வெட்கமில்லாமல் சொல்லிவிடுவார்கள். அதனாலேயே அந்தப் பதில் நம்பத்தக்கது.

வெறுப்பை நேராகக் கேட்டால் உண்மை வராது. அதற்குப் பட்டியல் சோதனை என்றொரு வழி உண்டு. பதில் சொல்பவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சிக்கலில்லாத மூன்று கூற்றுகளையும், மறுபாதிக்கு அதே மூன்றோடு ‘வெளியாட்களுக்கு வீடு வாடகைக்கு விடக்கூடாது’ என்ற நான்காவதையும் கொடுங்கள். எவை என்று சொல்ல வேண்டாம், எத்தனை கூற்றுகளை ஒப்புக்கொள்கிறீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும் என்று கேளுங்கள். இரண்டு சராசரிகளின் வித்தியாசம்தான் நான்காவதை ஒப்புக்கொண்டவர்களின் விகிதம். ஒரு சராசரி 1.4, மற்றது 1.7 என்றால் 30 விழுக்காடு. மூன்று கூற்றுகளையும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி எழுதினால் சோதனை பாழ்: நான்கு என்று சொன்ன கணமே ஆள் அகப்பட்டுவிடுவார், அதற்கு அஞ்சி மூன்று என்பார். பாதிக்கு ஐம்பது பேரை வைத்துக்கொண்டும் இதைச் செய்யாதீர்கள். நூற்றுக்கணக்கில் ஆட்கள் இல்லாவிட்டால் பிழை வரம்பு விடையை விழுங்கிவிடும்.

வந்தவர்களிடம் உணர்வை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக உடம்புக்கு முடியாதபோது கூட வந்தவர் யார்? அவசரத்துக்குக் கடன் கொடுத்தவர் யார்? ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் யார்? புகார் கொடுக்கப் போனபோது துணைக்கு நின்றவர் யார்? ஒவ்வொருவருக்கும் நேராக, சொந்தக்காரரா, ஒரே ஊரா, உடன் வேலை செய்பவரா, உள்ளூர்க்காரரா என்று குறியுங்கள். வேலை பற்றிய தகவல் நெருங்கியவர்களைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவர்களிடமிருந்து அதிகம் வரும் என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதியது இங்கே கைகொடுக்கும். ‘நெருங்கிய நண்பர்கள் யார்?’ என்று மட்டும் கேட்டால் அந்த மெல்லிய இழைகள் எல்லாம் நழுவிவிடும்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: ‘அதே ஆள் உங்களிடம் எப்போதாவது உதவி கேட்டதுண்டா?’ ஒரு பக்கமாகவே போகும் உதவி இரக்கம். கொடுத்தவர் மனம் மாறினால் அன்றோடு முடிந்தது. இரண்டு பக்கமும் போய்வரும் இடத்தில்தான் கேட்கும் உரிமை பிறக்கிறது. குடிமைத் தோழமை என்று நாம் சொல்வது, முகம் தெரியாதவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதை. அதற்கு அன்பு கட்டாயமில்லை. வரவேற்பு விழாவில் கைதட்டியவர்களே குடியிருப்போர் சங்கத்தில் புதியவருக்கு ஓட்டு என்றதும் எதிர்ப்பதுண்டு. ஆகவே சங்கம், பள்ளிக் குழு, தொழிற்சங்கம் ஒவ்வொன்றிலும் அவர் உறுப்பினரா, ஓட்டுப் போட முடியுமா, பொறுப்புக்கு நிற்க முடியுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

இனி, யாரைக் கேட்பது. முதலில் ‘இடம்பெயர்ந்தவர்’ யார் என்று எழுதிவையுங்கள். நாடு விட்டு நாடு போகிறவர்களுக்கு ஐ.நா. 1998இல் தந்த பரிந்துரையில் 12 மாதம் தங்கினால் நீண்டகாலம், 3 முதல் 12 மாதத்துக்குள் என்றால் குறுகியகாலம். உங்கள் வரம்பை 12 மாதமாக வைத்தால், பருவத்துக்கு வந்து போகிறவர்கள் அத்தனை பேரும் ஆய்விலிருந்து காணாமல் போவார்கள்.

இவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் எங்கும் கிடைக்காது. மேஸ்திரி மூலமாகப் போனால் மேஸ்திரிக்கு வேண்டியவர்கள்தான் வருவார்கள், அதிலும் அவர் காதுபடப் பேசினால் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்பது மட்டும் பதிலாக வரும். சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதோர்ன் 1997இல் முன்வைத்த சங்கிலி முறையைப் பாருங்கள். வேலை, மொழி, பாலினம், தங்கிய காலம் எல்லாவற்றிலும் வேறுபட்ட ஆறு முதல் பத்துப் பேரிடம் தொடங்குங்கள். ஆளுக்கு மூன்று எண்ணிட்ட சீட்டு, தெரிந்தவர்களிடம் கொடுக்க. அதைக் கொண்டுவருபவர் அடுத்த பேட்டி, அவருக்கும் மூன்று சீட்டு. சுற்றுக்குச் சுற்று ஆட்களின் கலவை மாறாமல் நிலைபெறும்வரை போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் எத்தனை பேரைத் தெரியும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பலரை அறிந்தவர் இந்தச் சங்கிலிக்குள் வரும் வாய்ப்பு அதிகம். பிறகு அந்த எண்ணால் வகுத்து, பலரை அறிந்தவரின் பதிலுக்குக் குறைந்த எடை தர வேண்டும். ‘எத்தனை பேரைத் தெரியும்?’ என்று வெறுமனே கேட்டால் நூறு, இருநூறு என்று அடித்துவிடுவார்கள். ‘போன முப்பது நாளில் நேரில் பார்த்த, இந்தப் பகுதியில் இருக்கிற, வெளியிலிருந்து வந்த, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள்’ என்று வேலி போட்டுக் கேளுங்கள்.

பேட்டி வேலையிடத்தில் வேண்டாம், தங்கும் அறையிலும் வேண்டாம். கணவர் மொழிபெயர்க்க மனைவி பதில் சொன்னால் அது கணவரின் பேட்டி. சீட்டு எண் ஒரு தாளில், தொடர்பு எண் வேறொரு தாளில் இருக்கட்டும். சட்டப்படி தங்கியிருக்கிறாரா என்று கேட்கவே கேட்காதீர்கள். உங்கள் கருதுகோளுக்கு அது தேவையில்லை, தாள் தவறான கைக்குப் போனால் அவருக்குத்தான் ஆபத்து.

கடைசியாக ஒன்று. ‘நாள் ஆக ஆக ஒட்டுதல் கூடுகிறது’ என்று உங்கள் முன்வரைவில் எழுதியிருக்கிறீர்கள். ஒட்டாதவர்கள் கிளம்பிப் போய்விட்டதால்கூட அப்படித் தெரியலாம். முதல் பேட்டியிலேயே வீட்டுப் பக்கம் இரண்டு பேரின் தொடர்பு எண்களை வாங்கிவைத்து, ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் கூப்பிட்டுப் பாருங்கள். போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று கேட்டு வாங்காமல் அந்த வாக்கியத்தை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் துறையில் மூத்த ஒருவர்